கையடக்கக் கருவிகளில் சீட்டு, கார்டு ஆட்டங்கள்: சேகரிப்பு, மதிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கையடக்க கேம்களில் சீட்டு ஆட்டங்களையும் கார்டு ஆட்டங்களையும் மட்டும் தேடிச் சேர்ப்பவன் நான். தெரிந்தவர்கள் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு கார்ட்ரிட்ஜ் (கேம் அடங்கிய, கருவியில் செருகும் சிறு பெட்டி) அகப்பட்டால் உடனே படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். கூடவே ஒரு கேள்வியும் வரும். பத்தில் எட்டு கேள்விகள் ஏற்கெனவே வேறு யாரோ கேட்டவைதான். தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். தொகை எதையும் இங்கே குறிப்பிடவில்லை. மாதத்துக்கு மாதம் மாறும் எண்ணை எழுதி வைத்துப் பயனில்லை. விலை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கையடக்கச் சீட்டாட்டம்னா எதையெல்லாம் சேர்த்துச் சொல்றீங்க?

நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் வகை, ஒரே ஒரு ஆட்டத்துக்கென்றே செய்த எல்சிடி கருவிகள். சாலிட்டேர், போக்கர், பிளாக்ஜாக் என்று ராடிகா நிறுவனம் வரிசையாக வெளியிட்டதே, அந்த மாதிரி. கார்ட்ரிட்ஜ் கிடையாது. பேட்டரி போட்டால் ஆட்டம் ஓடும்.

இரண்டாம் வகை, வழக்கமான 52 சீட்டு ஆட்டங்களும் ஊனோ போன்ற குடும்ப ஆட்டங்களும் கார்ட்ரிட்ஜாக வந்தவை. மூன்றாம் வகை, கார்டுகளைச் சேர்த்து, உங்கள் கார்டுக் கட்டை நீங்களே அமைத்து மோதும் ஆட்டங்கள்: போக்கிமான், யு-கி-ஓ, டுயல் மாஸ்டர்ஸ். காகிதத்தில் வராமல் கருவிக்காகவே பிறந்த கார்டு ஆட்டங்களையும் இதிலேயே சேர்க்கிறேன். எஸ்என்கே நிறுவனத்தின் கையடக்கக் கருவியான நியோ ஜியோ பாக்கெட் கலரில் வந்த ‘கார்டு ஃபைட்டர்ஸ் கிளாஷ்’, சோனியின் பிஎஸ்பியில் வந்த ‘மெட்டல் கியர் ஆசிட்’ இரண்டும் அப்படிப்பட்டவை. கீழே பல இடங்களில் இந்த மூன்று வகைகளை வைத்தே பேசுவேன்.

நின்டெண்டோவே ஒரு காலத்துல சீட்டுக் கம்பெனிதானாமே, நிஜமா?

நிஜம்தான். 1889இல் கியோட்டோவில் ஃபுசாஜிரோ யமாவுச்சி தொடங்கியது ஹனாஃபுடா சீட்டு செய்யும் பட்டறை. மாதத்துக்கு நான்கு சீட்டு, பன்னிரண்டு மாதத்துக்கு 48 சீட்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு செடியோ பூவோ. சரியாக நூறு வருஷம் கழித்து 1989இல் அதே நிறுவனம் கேம் பாயை வெளியிட்டது. அவர்களின் பிந்தைய கையடக்கக் கருவியான டிஎஸ்ஸில் வந்த ‘கிளப்ஹவுஸ் கேம்ஸ்’ஸில் ஹனாஃபுடா சீட்டில் ஆடும் கொய்-கொய் ஆட்டம் உண்டு. அதை ஆடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டறை ஞாபகம் வரும்.

புதுசா சேர்க்க ஆரம்பிக்கிறேன். எதுல கை வைக்கலாம்?

இரண்டாம் வகையில். மலிவாகக் கிடைக்கும், எளிதில் கிடைக்கும், ஆடவும் ஆடலாம். கிளப்ஹவுஸ் கேம்ஸ் (ஐரோப்பாவில் ‘42 ஆல்-டைம் கிளாசிக்ஸ்’ என்ற பெயர்) நல்ல தொடக்கம். 42 ஆட்டங்கள், ஒரே கார்ட்ரிட்ஜ் வைத்துக்கொண்டு எட்டுப் பேர்வரை கம்பியில்லாமல் ஆடலாம். நிறைய விற்ற கேம் என்பதால் நல்ல நிலையில் உள்ளதாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்க முடியும்.

முதல் வாங்கலிலேயே யு-கி-ஓ, போக்கிமான் பக்கம் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். போலி அதிகம் புழங்குவது அங்கேதான். அசல் கார்ட்ரிட்ஜ் பத்தாவது கையில் வைத்துப் பார்த்து, அதன் எடையும் லேபிளின் அச்சும் கண்ணுக்குப் பழகட்டும். பிறகு அங்கே போகலாம்.

ரொம்பப் பழசு, எங்கயும் கிடைக்காத சாமான். அப்போ விலையும் ஜாஸ்திதானே?

நான் அதிகமாக மறுத்துப் பேச வேண்டிவந்த எண்ணம் இதுதான். கேம் பாயில் வந்த ‘சாலிட்டேர் ஃபன்பேக்’ பெட்டியோடு இருந்தால் உண்மையிலேயே அடிக்கடி கண்ணில் படாது. ஆனால் அதைத் தேடி அலைகிறவர்களும் குறைவு. போக்கிமான் கார்டு கேமோ எங்கு தேடினாலும் கிடைக்கும், ஆனாலும் விலை இறங்காது. அரிதாக இருப்பது மட்டும் போதாது, அதை வேண்டும் என்கிற ஆள் இருக்க வேண்டும்.

இந்தத் துறையில் விலை ஏறுவது இரண்டு கூட்டம் ஒரே பொருளுக்கு வந்து நிற்கும் இடத்தில். ஒரு பக்கம் கேம் சேகரிப்பவர்கள், இன்னொரு பக்கம் காகிதக் கார்டு சேகரிப்பவர்கள். மூன்றாம் வகைப் பெட்டிகளில் இருவருக்கும் வேண்டியது சேர்ந்தே இருக்கிறது. அதனால் கார்ட்ரிட்ஜை மட்டும் வைத்து மதிப்புப் போடுகிற எந்தக் கணக்கும் இங்கே தப்பும். கூட வந்த காகிதத்தையும் எண்ண வேண்டும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு என் பதில் இதிலிருந்து வருவதுதான்.

கார்ட்ரிட்ஜ் மட்டும் இருக்கு, டப்பாவைத் தூக்கிப் போட்டாச்சு. ஏதாவது தேறுமா?

தேறும், ஆனால் அளவு பார்த்து. பொதுவாக மூன்று படிகள்: கார்ட்ரிட்ஜ் மட்டும், பெட்டி முதல் கையேடு வரை முழுமையானது, உறை பிரிக்காதது. கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ் பெட்டிகள் மெல்லிய அட்டை. வாங்கிய அன்றே கிழித்துக் குப்பையில் போட்டவர்கள்தான் அதிகம். அதனால் அவற்றுக்கு முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில் பெரிய தூரம். டிஎஸ், பிஎஸ்பி கேம்கள் பிளாஸ்டிக் பெட்டியில் வந்தவை, பெட்டிகள் தப்பிப் பிழைத்தன. அங்கே அந்தத் தூரம் குறைவு.

முழுமை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். பெட்டி, கையேடு, கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் உள் அட்டை, விளம்பரத் தாள், கூடவே அந்தக் கேமுக்கென்று தந்த பொருள். மெட்டல் கியர் ஆசிட் 2 இதற்கு நல்ல உதாரணம். திரையை முப்பரிமாணத்தில் பார்க்க ‘சாலிட் ஐ’ என்று அட்டையில் மடித்துச் செய்யும் ஒரு பார்வைப் பெட்டியை அதோடு தந்தார்கள். வட்டும் கையேடும் இருந்து அது இல்லையென்றால் அந்தப் பிரதி முழுமையில்லை. விற்பவர் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

டப்பாக்குள்ள ஒரு கார்டு வந்துச்சே, அது எங்க போச்சுன்னு தெரியல. பரவாயில்லையா?

எந்த கேம் என்பதைப் பொறுத்தது. வட அமெரிக்காவில் 2000 ஏப்ரலில் வந்த போக்கிமான் கார்டு கேமோடு ஒரு மியாவ்த் கார்டு வந்தது. ஜப்பானில் 1998 டிசம்பரில் வந்த மூலப் பதிப்போடு டிராகனைட். இவை இல்லாமலும் பெட்டிக்கு மதிப்பு உண்டு, இருந்தால் கூடும்.

யு-கி-ஓ பக்கம் கதை வேறு. கேம் பாய் கலரில் வந்த ‘டார்க் டுயல் ஸ்டோரீஸ்’ 2002 மார்ச்சில் வட அமெரிக்காவுக்கு வந்தது. காகித ஆட்டம் அங்கே கால் வைத்ததும் அதே மாதம்தான். அந்தப் பெட்டிகளில் போட்ட கார்டு வரிசையில் டிடிஎஸ்-001 என்று எண்ணிட்ட ப்ளூ-ஐஸ் வைட் டிராகன் உண்டு. கீறல் இல்லாத அந்த ஒரு கார்டு, அது வந்த கேமைவிடப் பல மடங்கு போகும். அடுத்து கேம் பாய் அட்வான்ஸில் வந்த ‘எடர்னல் டுயலிஸ்ட் சோல்’ பெட்டியிலோ எக்ஸ்சேஞ்ச், கிரேஸ்ஃபுல் டைஸ், ஸ்கல் டைஸ் என்று மூன்று கார்டுகள். அவற்றுக்கு அந்த மவுசு இல்லை. ஆகவே “கார்டு போச்சு” என்று சொல்லும் முன் எந்தக் கார்டு என்று பாருங்கள். பழைய புத்தகங்களுக்கு நடுவிலும் பென்சில் பெட்டியிலும் தேடச் சொல்லி நான் அனுப்பியவர்களில் இருவர் கண்டுபிடித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

கார்டு பாக்கெட் இன்னும் பிரிக்காம இருக்கு. பிரிச்சுப் பார்த்துடலாமா?

வேண்டாம். உள்ளே என்ன கார்டு என்று ஏற்கெனவே தெரிந்த கேமாக இருந்தால் பிரிப்பதில் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. மெல்லிய உறைக்குள் இருபது வருஷம் கிடந்த கார்டு சற்றே வளைந்திருக்கலாம், ஓரம் நசுங்கியிருக்கலாம். பிரித்தால் உறையின் மதிப்பும் போய், கார்டின் குறையும் வெளியே வந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வளைவு மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிரித்ததென்றால் உடனே மென்மையான பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் கெட்டியான உறை. ரப்பர் பேண்டு மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்தால் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் லேபிள். அசலில் எழுத்துகள் ஊசி முனை மாதிரி கூர்மையாக இருக்கும். போலியில் சிறு எழுத்துகள் மங்கி ஒன்றோடொன்று ஒட்டும். அடுத்து குறியீடு: கேம் பாயில் டிஎம்ஜி, கலர் மட்டும் ஏற்பவற்றில் சிஜிபி, அட்வான்ஸில் ஏஜிபி, டிஎஸ்ஸில் என்டிஆர் என்று தொடங்கி, நடுவில் அந்தக் கேமுக்கான எழுத்துகள், கடைசியில் எந்தப் பகுதிக்கானது என்று முடியும். பெட்டி, கையேடு, கார்ட்ரிட்ஜ் மூன்றிலும் நடு எழுத்துகள் ஒத்துப்போக வேண்டும். அட்வான்ஸ் லேபிளை வெளிச்சத்தில் சாய்த்தால் இரண்டு இலக்க எண் ஒன்று மை இல்லாமல் அழுத்திப் பதித்திருப்பது தெரியும். போலிகளில் அது பெரும்பாலும் இருக்காது.

பிறகு பின்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் வாருங்கள். அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளுக்கு மேல் மின்சுற்றுப் பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருப்பது எட்டிப் பார்த்தாலே தெரியும். திருகும் சாட்சி சொல்லும். அசல் கேம் பாய் கார்ட்ரிட்ஜில் நின்டெண்டோவின் தனித் திருகு, அட்வான்ஸில் மூன்று இதழ்த் திருகு. சாதாரண நட்சத்திரத் திருகு இருந்தால் ஒன்று போலி, அல்லது யாரோ திறந்து வேறு திருகு போட்டிருக்கிறார்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சந்தேகம் இருந்தால் திறந்து பாருங்கள், அல்லது உள்பலகையின் படத்தைக் கேளுங்கள். சிப்பின் மேல் கறுப்புப் பசைக் குமிழ் இருந்தால் ஒதுக்கிவிடுவேன். லேபிளை மட்டும் அசல் கார்ட்ரிட்ஜில் மாற்றி ஒட்டிய கேஸ்களையும் பார்த்திருக்கிறேன். கருவியில் போட்டு ஆட்டம் தொடங்குகிறதா, பழைய சேவ் (ஆடியதைச் சேமித்து வைத்த பதிவு) நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

போக்கிமான் கார்டு ஜிபி 2 இங்கிலீஷ்லயே கிடைச்சிருக்கு! அதிர்ஷ்டம் அடிச்சதா?

இல்லை. அந்த இரண்டாம் பாகம் 2001 மார்ச்சில் ஜப்பானில் மட்டும் வந்தது. ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வெளியிடவே இல்லை. உங்கள் கையில் உள்ளது ரசிகர்கள் மொழிபெயர்த்ததை யாரோ புது கார்ட்ரிட்ஜில் ஏற்றியது. கார்டு ஃபைட்டர்ஸ் 2 (2001, இதுவும் ஜப்பானில் மட்டும்) ஆங்கிலத்தில் கிடைத்தாலும் இதே பதில். மேலே சொன்ன லேபிள், திருகுச் சோதனை எதுவுமே தேவையில்லை. மொழியே போதும்.

ஆட நினைக்கிறவர்களுக்கு அந்த மொழிபெயர்ப்புகள் பெரிய கொடை. இரவு பகலாக உட்கார்ந்து, காசு வாங்காமல் செய்த உழைப்பு அது. அதை அசல் என்று சொல்லி விற்கிறவர்மேல்தான் என் கோபம்.

ஜப்பான் பிரதி வாங்கினா என்கிட்ட இருக்கிற கருவியில ஓடுமா?

கேம் பாய், கலர், அட்வான்ஸ், டிஎஸ், பிஎஸ்பி, நியோ ஜியோ பாக்கெட் கலர் எல்லாவற்றிலும் ஓடும். 3டிஎஸ்ஸில் மட்டும் பகுதிப் பூட்டு உண்டு. ஜப்பானிய ‘கல்ட்செப்ட் ரிவோல்ட்’ ஜப்பானிய 3டிஎஸ்ஸில்தான் ஓடும். டிஎஸ்ஐக்கு மட்டும் என்று வந்தவையும் அப்படியே.

ஓடுவது வேறு, ஆடுவது வேறு. சாலிட்டேர், ஊனோவுக்கு மொழி தெரிய வேண்டியதில்லை. யு-கி-ஓவில் ஒவ்வொரு கார்டிலும் படிக்க வேண்டிய வாசகம் உண்டு, ஜப்பானிய மொழி தெரியாமல் இரண்டாவது எதிரியைத் தாண்ட மாட்டீர்கள். அலமாரிக்காக வாங்குகிறவருக்கு ஜப்பானியப் பிரதிகள் நல்ல வாய்ப்பு: பெட்டியோடு கிடைப்பது எளிது, நிலையும் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

கேம் நல்லா ஓடுது, ஆனா ஆஃப் பண்ணா எல்லாக் கார்டும் போயிடுது. கார்ட்ரிட்ஜ் செத்துடுச்சா?

கார்ட்ரிட்ஜ் நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கும் பேட்டரிதான் தீர்ந்திருக்கிறது. கேம் பாய் காலத்து கார்ட்ரிட்ஜ்களில் சேவ் அழியாமல் தாங்கி நிற்பது 3 வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்று. போக்கிமான் கார்டு கேமும் அப்படித்தான். காது (இணைப்பதற்கான உலோகத் தகடு) வைத்த புது பேட்டரியைச் சால்டரிங் செய்து மாற்றினால் மறுபடி பல வருஷம் நிற்கும். காது இல்லாத சாதாரண பேட்டரிமேல் நேரடியாகச் சூடு வைக்காதீர்கள், வெடிக்கும். டேப் போட்டு ஒட்டுவதும் வேண்டாம், சின்ன அதிர்வில் சேவ் போய்விடும். நியோ ஜியோ பாக்கெட் கார்ட்ரிட்ஜ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை ஃபிளாஷ் நினைவகத்தில் சேமிப்பவை. டிஎஸ்ஸுக்கும் இல்லை.

பேட்டரி மாற்றியதால் மதிப்புக் குறையுமா என்று அடுத்துக் கேட்பார்கள். சுத்தமாகச் செய்திருந்தால், சொல்லியும் விற்றால், குறையாது. சொல்லாமல் விற்றால் நம்பிக்கை போகும்.

பழைய ஆளோட சேவ் அப்படியே இருக்கு. அழிச்சுட்டுப் புதுசா ஆடலாமா?

உங்கள் பொருள், உங்கள் விருப்பம். ஆனால் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அழியுங்கள். போக்கிமான் கார்டு கேமில் கட்டுகளுக்கு நாமே பெயர் வைக்கலாம். நான் வாங்கிய ஒரு கார்ட்ரிட்ஜில் நான்கு கட்டுகள் இருந்தன. முதல் மூன்றும் கேமே தரும் பெயர்கள். நான்காவதின் பெயர் ‘அப்பாவுக்கு’ என்று ஆங்கிலத்தில். திறந்தால் உள்ளே முழுக்க அடிப்படைப் போக்கிமான், ஒரே நிற எனர்ஜி, குழப்பமான கார்டு ஒன்றுகூட இல்லை. ஆடத் தெரியாத ஒருவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு பிள்ளை பொறுக்கிப் பொறுக்கி அமைத்த கட்டு. கேபிள் போட்டு இருவரும் ஆடியிருப்பார்கள் போலிருக்கிறது.

அதை நான் அழிக்கவில்லை. கணினியோடு இணைக்கும் கார்ட்ரிட்ஜ் ரீடர் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. முதலில் அந்த சேவ் பதிவைக் கோப்பாக எடுத்து வைத்தேன், பிறகுதான் பேட்டரியை மாற்றினேன், மாற்றியபின் அதே சேவ் பதிவைத் திரும்ப ஏற்றினேன். பேட்டரியைக் கழற்றினால் சேவ் போய்விடும், ஆகவே இந்த வரிசை முக்கியம்.

என் சேவ்ல அரிய கார்டு எல்லாம் இருக்கு. அதுக்குத் தனி விலை சொல்லலாமா?

முடியாது. முந்தைய பதிலில் சொன்ன அதே ரீடரால் யார் வேண்டுமானாலும் எந்த சேவ் பதிவையும் ஏற்றலாம் என்பதால், சேவ் எவ்வளவு நிறைந்திருந்தாலும் வாங்குபவர் அதற்குக் கூடுதலாகத் தரமாட்டார்.

ஆனாலும் நேர்மையாகச் சேர்த்த சேவுக்கு என் மனதில் தனி இடம் உண்டு. போக்கிமான் கார்டு கேமில் வீனசார், மியூ இரண்டிலும் ஒவ்வொரு மாயக் கார்டு உண்டு. இரண்டு கேம் பாய் கலர்களை அகச்சிவப்புக் கதிரில் எதிரெதிரே வைத்துச் செய்யும் ‘கார்டு பாப்’ வழியாக மட்டும்தான் அவை கிடைக்கும். பழைய கேம் பாயில் இந்த வசதி இல்லை, பின்னால் வந்த அட்வான்ஸிலும் இல்லை. அப்படியானால் அந்த இரண்டையும் வைத்திருப்பவர் எத்தனை நண்பர்களோடு கருவியை எதிரெதிரே பிடித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்சிடி சாலிட்டேர் கருவியில பாதி எண்ணு தெரியல. குப்பைதானா?

அவசரப்படாதீர்கள். முதல் வகைக் கருவிகளில் திரையையும் பலகையையும் இணைப்பது கோடு கோடாக உள்ள ஒரு ரப்பர் பட்டை, அல்லது சூட்டில் ஒட்டிய மெல்லிய நாடா. ரப்பர் பட்டை என்றால் திறந்து, பட்டையையும் இரு தொடு இடங்களையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, மறுபடி சமமாக அழுத்தி மூடினால் பெரும்பாலும் எண்கள் திரும்பி வரும். நாடா என்றால் பொறுமையும் சூடும் தேவை, பழக்கமில்லாதவர் தொட வேண்டாம்.

பேட்டரி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், அது கார உப்பு. வினிகரோ எலுமிச்சைச் சாறோ சில துளி பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலில் ஒருமுறை துடைத்து உலர விடுங்கள். திரையே கறுத்து, புளித்த வாடை அடித்தால் மேலே ஒட்டிய துருவமாக்கிப் படலம் கெட்டுவிட்டது. படலத்தை உரித்துப் புதிதாக ஒட்டலாம். இந்தக் கருவிகளுக்குப் பெரிய விலை கிடையாது, செலவு பார்த்தால் கட்டுப்படியாகாது. நான் செய்வது, மறுபடி சீட்டு ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்து வருவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காக.

கார்ட்ரிட்ஜ் எடுக்கலைன்னா ஊதிப் போடலாம்ல?

வேண்டாம். எச்சில் ஈரம் தொடுமுனையை அரிக்கும். காதுக்குச்சிப் பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அழிப்பானோ உலோகப் பாலிஷோ போட்டுத் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும்.

சரியான விலையை எங்க பார்க்கிறது? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்றவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். பிரைஸ்சார்ட்டிங் தளம் கார்ட்ரிட்ஜ் மட்டும், முழுமை, பிரிக்காதது என்று பிரித்துக் காட்டும். குறைந்தது பத்து விற்பனையாவது எடுத்து, உச்சத்தில் உள்ள ஒன்றையும் அடியில் உள்ள ஒன்றையும் தள்ளிவிட்டு நடுவைப் பாருங்கள்.

மூன்றாம் வகைக்கு நான் ஒரு படி கூடுதலாகச் செய்வேன். கேமை ஒரு இடத்திலும், கூட வந்த கார்டை கார்டு சேகரிப்பவர்கள் விற்கும் இடத்திலும் தனித்தனியாகத் தேடுவேன். தளங்களில் ‘முழுமை’ என்று போட்டிருக்கும் பல விற்பனைகளில் கார்டு கிடையாது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் அந்தச் சராசரி, கார்டோடு உள்ள பிரதிக்குப் பொருந்தாது.

உறை பிரிக்காத கேம் ஒண்ணு வருது. வாங்கலாமா? கிரேடிங் பண்ணணுமா?

முதலில் உறை அசலா என்று பாருங்கள். நின்டெண்டோவின் வட அமெரிக்க அட்டைப் பெட்டிகளில், அட்வான்ஸ் காலம்வரை, பின்பக்கம் குறுக்கே ஓடும் ஒட்டுத் தையலும் இரு ஓரத் தையல்களும் சேர்ந்து ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். சூட்டில் சுருக்கி மூடிய கடை உறையில் அந்தத் தையல் இராது, காற்றுப் போக ஊசித் துளைகள் இருக்கும். பெட்டிக்குள் எதுவும் ஆடும் சத்தம் மாறுபட்டாலும் யோசியுங்கள்.

கிரேடிங் என்பது நிபுணர் பார்த்து எண் போட்டு, பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவது. விற்கத்தான் போகிறீர்கள், கேமும் உயர்ந்த மதிப்புள்ளது என்றால் செய்யலாம். சாலிட்டேர் கார்ட்ரிட்ஜுக்குச் செய்தால் கிரேடிங் செலவே மிஞ்சாது. என் சொந்த எண்ணம், கார்டை கிரேடிங்குக்கு அனுப்புங்கள், கேமை ஆடுங்கள்.

கார்டு ஃபைட்டர்ஸ் கிளாஷ்ல எஸ்என்கே, கேப்காம்னு ரெண்டு இருக்கே. ரெண்டும் வேணுமா?

ஆட ஒன்று போதும், அலமாரிக்கு இரண்டும் வேண்டும். 1999இல் எஸ்என்கே, கேப்காம் என்ற இரு கேம் நிறுவனங்களின் பெயரில் இரு பதிப்பாக வந்தது. தொடங்கும்போது கையில் வரும் கார்டுகள் எந்த நிறுவனத்தின் பாத்திரங்கள் பக்கம் சாய்கின்றன என்பதுதான் வித்தியாசம். கேபிள் போட்டு மாற்றிக்கொள்வதற்காகவே அப்படிப் பிரித்தார்கள். 2000இல் வட அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளிலிருந்து நியோ ஜியோ பாக்கெட் கலர் கருவியே விலக்கப்பட்டது, ஆகவே ஆங்கிலப் பிரதிகளின் எண்ணிக்கை அத்தோடு நின்றது. விலை அங்கிருந்து வருவது. இதோடு காகிதக் கார்டு எதுவும் வரவில்லை. இரண்டு கூட்டம் என்ற என் கணக்குக்கு இது விலக்கு, இங்கே கேம் சேகரிப்பவர்கள் மட்டுமே போட்டி போடுகிறார்கள்.

டிஎஸ்ஸில் பிறகு வந்த ‘கார்டு ஃபைட்டர்ஸ் டிஎஸ்’ஸின் வட அமெரிக்கப் பதிப்பில் ஒரு பிழை பிரசித்தம்: ஆட்டத்தை முடித்து இரண்டாம் சுற்று ஆடும்போது ஓர் இடத்தில் உறைந்துவிடும். மாற்றுப் பிரதி தந்தார்கள். வாங்கும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புது கருவிகள்ல பழைய கேமை மறுபடி விடுறாங்களே. என்கிட்ட இருக்கிறதோட மதிப்பு விழுந்துடுமா?

போக்கிமான் கார்டு கேம் 2023 ஆகஸ்ட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைனில் வந்தது. கார்டு ஃபைட்டர்ஸ் கிளாஷ் 2021இல் ஸ்விட்சுக்கு வந்தது. ஆட மட்டும் ஆசைப்பட்டவர்கள் அங்கே போய்விடுவார்கள். அதனால் கார்ட்ரிட்ஜ் மட்டும் உள்ள பிரதிகளுக்குச் சற்று ஆட்டம் காணலாம். பெட்டி, கையேடு, கார்டோடு உள்ளவற்றைத் திரையில் மறுபடி வெளியிட முடியாது. இன்னொரு பக்கமும் உண்டு: 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடை 2023 மார்ச்சில் மூடியது, அங்கே விற்ற போக்கிமான் கார்டு கேமும் அதோடு போனது. கார்ட்ரிட்ஜை அப்படி யாரும் மூட முடியாது.

அண்ணா, கார்டை மட்டும் தனியா வித்துட்டு, கேமைத் தனியா வித்தா ஜாஸ்தி வருது. பண்ணலாமா?

கணக்குப்படி சில நேரம் சரிதான். டார்க் டுயல் ஸ்டோரீஸ் பெட்டி கிடைத்தவர்களில் பலர் அந்த ப்ளூ-ஐஸ் கார்டை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளுகிறார்கள். தளங்களில் கார்டில்லாத ‘முழுமை’ப் பிரதிகள் குவிந்திருப்பதும் அதனால்தான். அதே காரணத்தால் எல்லாம் சேர்ந்த பிரதி வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. முழுதாகத் தேடும் ஒருவர் வந்தால், பிரித்து விற்றதைவிடக் கூடவே தருவார். அவர் வர நாளாகும், அதுவரை காத்திருக்க முடிந்தால் பிரிக்காதீர்கள்.

பணம் உடனே வேண்டுமென்றால் தப்பில்லை, பிரித்து விற்கலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். கேமை விற்கும்போது “இதோடு வந்த கார்டு இல்லை” என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கையேட்டையும் உள் அட்டையையும் கேமோடு விட்டுவிடுங்கள், அவற்றை மூன்றாவதாகப் பிரிக்காதீர்கள். என்னிடம் கார்டு மட்டும் இல்லாத பிரதி இரண்டு இருக்கிறது. ஒன்றுக்கான கார்டு போன மாதம் அகப்பட்டது.